மாத்திரையும் திருவாசகமும்

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் "எப்ப நிறுத்தப் போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. தைராய்டுக்கும் கேட்பதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவிலும் உறவிலும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டவர்கள் எல்லோரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது: இத்தனை வருஷமாகத் திருமுறை ஓதுகிறவளுக்கு இந்த மாத்திரை எதற்கு? பாரத்தைச் சிவன்மேல் போடத் தெரியாதா?

இப்போது அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறேன். குறைக்க ஆரம்பித்தால் கேள்வி ஓயும் என்று நினைத்தேன். அது இன்னும் நெருங்கி வந்து உட்கார்ந்துகொண்டது.

போன ஐப்பசியில், துலா முழுக்குக்காக மாயவரம் நிறைந்திருந்த சமயம், எங்கள் வழிபாட்டு மன்றத்தில் திருவாசக முற்றோதல் நடந்தது. காலையில் சிவபுராணத்தில் தொடங்கினால் அச்சோப் பதிகம் முடியச் சாயங்காலம் ஆகிவிடும். மாத்திரை எடுத்துக்கொண்ட வருஷங்களில் எல்லாம் நான் முற்றோதலில் உட்கார்ந்து குரல் பிசகாமல் ஓதியிருக்கிறேன், கண் மட்டும் காய்ந்தே இருக்கும். சுற்றிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குள் அழுகை எங்கோ இருப்பது தெரியும், மேலே வராது. இந்தத் தடவை திருச்சதகம் பாதி தாண்டுவதற்குள் கண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டது. புத்தகத்து எழுத்து தெரியவில்லை. மனப்பாடமாக இருந்ததால் விடாமல் ஓதினேன். பக்கத்தில் இருந்த கமலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா டீச்சர், மாத்திரையை விட விட சாமி உங்களை உருக வைக்கிறார்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அவர் சொன்னதை நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. அதற்கு முந்தின வாரம்தான் மருந்தின் அளவு ஒரு படி குறைந்திருந்தது. அந்த வாரத்தில், அப்பா மகளுக்கு வளையல் போட்டுவிடுகிற நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன். தண்ணீர்க் கேன் போட வரும் பையன் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியதற்கு அழுதிருக்கிறேன். தொண்டை அடைத்த விதம், கண் எரிந்த விதம் எல்லாம் ஒன்றுதான். அப்படியானால் திருச்சதகத்துக்கு வந்த கண்ணீர் என்ன? அன்பா, மருந்துக் குறைவா?

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உருகுவதையே வாழ்வின் பயனாகச் சொல்கிற நூலை ஓதி வளர்ந்தவள் நான். உருகியது நானா, என் ரத்தத்தில் குறைந்த ஒரு ரசாயனமா என்பது எனக்கு உயிர்க்கேள்வி.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் பேசுகிற தத்துவம் காற்றில் நிற்கும்.

நான் சாப்பிட்டு வந்தது எஸ்சிட்டலோபிராம், 10 மி.கி. அதைக் குறைக்கச் சொன்னது எந்தச் சாமியும் இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனை. வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடக்கூடும். 135க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 132. தடாலென்று நிறுத்துகிற அளவுக்கு ஆபத்தில்லை, மனசும் ரொம்ப நாளாகத் தெளிவாக இருக்கிறது, மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். என் மகன் வயதுதான் அவருக்கு. முன்பு வேறொருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு இரண்டு வாரத்தில் விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்ததை அவரிடம் சொன்னேன். தலையை அசைத்து, "வேண்டாம்மா" என்றார். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாவதற்குச் சுமார் 30 மணி நேரம். ஒருநாள் விட்டால் அளவு சரியும், மறுநாள் ஏறும். மூளை தினம் தினம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு ஒரு தாளை எடுத்து ஒரு வளைகோடு வரைந்து காட்டினார். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் எழுதிய கட்டுரையில் உள்ள கணக்கு அது. அந்த ஹோரோவிட்ஸே இந்த மாத்திரையை விட முயன்று கடுமையாக அவதிப்பட்ட மனநல மருத்துவர். கணக்கு சிட்டலோபிராமுக்குப் போட்டது. என்னுடைய மருந்து அதன் வீரியமுள்ள பாதி, ஆகையால் கோட்டின் வடிவம் ஒன்றுதான். சிட்டலோபிராம் 20 மி.கி. போட்டால், மூளையில் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் இடங்களில் சுமார் 80 சதவீதம் அடைபடும். அளவைப் பாதிக்கும் கீழே, 9 மி.கி.க்குக் கொண்டுவந்தாலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கும். 50 சதவீதத்துக்கு இறங்க 3.4 மி.கி. போதும். 1 மி.கி.க்கும் குறைவான அளவே 20 சதவீதத்தை அடைத்துவைக்கிறது. ஆகையால் முதலில் பாதியாகக் குறைக்கிறபோது பெரிதாக ஒன்றும் தெரியாது. கடைசியில், இத்துனூண்டு துண்டுதானே, விட்டால் என்ன என்று விடுகிறபோதுதான் விழுவோம். நல்லாத்தானே இருந்தா, கடைசியில் என்ன வந்தது என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் ஊர்க் குளங்களில் மேல்படிகள் தாழத் தாழ இருக்கும், தண்ணீருக்குள் இருக்கும் கடைசிப் படிக்கு அப்புறம் ஒரே ஆழம். தெரியாதவர்கள் அங்கேதான் கால் வைப்பார்கள்.

5 மி.கி. மாத்திரை என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. நடுவில் கோடு போட்டிருப்பதால் பாதியாக உடையும். கால்வாசி வேண்டுமென்றால் வெள்ளைத்தாளில் வைத்து பிளேடால் நறுக்க வேண்டும். ஒரு துண்டு பெரிதாக வரும், ஒரு துண்டு தூளாகும், ஒன்று துள்ளி ஓடி அடுப்புமேடைக்குப் பின்னால் போய்விடும். அதற்கும் கீழே போக, மாத்திரையைக் குறித்த அளவு தண்ணீரில் கரையவிட்டு, குழந்தைக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாச் சிரிஞ்சால் அளந்து எடுக்க டாக்டர் எழுதிக்கொடுத்தார். கலங்கலாக அடியில் தங்கும், உறிஞ்சுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். இது என் மருந்துக்கு, என் டாக்டர் சொன்ன முறை. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை இப்படிச் செய்தால் ஆபத்து. படிக்கிறவர்கள் யாரும் தாங்களாக இறங்கிவிடக் கூடாது.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் இரண்டு மூன்று நாளில் ஆரம்பிக்கும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் மண்டைக்குள் 'சுர்' என்று கரண்ட் ஓடும், அரை விநாடி உலகம் நின்றுவிட்டுத் திரும்ப ஓடும். மாவு அரைக்கையில் கிரைண்டருக்கு நேராகக் குனிந்தால் தலை சுற்றும். வயிறு பிரட்டும். செத்துப்போன அம்மா சமையற்கட்டில் நின்று பேசுகிற கனவு, அவ்வளவு துலக்கமாக. எல்லாவற்றுக்கும் மேலே அழுகை, எரிச்சல். பிறகு மெல்ல அடங்கும். அடங்கி நிலைத்த பிறகுதான் அடுத்த படி.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. 2024இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது தொந்தரவு இருந்தது. வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 35 பேரில் ஒருவர். அதில் சேர்ந்த ஆய்வுகளில் பல, கொஞ்ச காலமே மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. வருஷக்கணக்காக எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று வாதம் நடக்கிறது. மாவு மாத்திரையை விட்டவர்களுக்கும் தலை சுற்றியது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. பயமும் எதிர்பார்ப்பும் உடம்பாகவே வருகின்றன. மனசு எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

சைவ சித்தாந்தம் அந்தக் கோட்டை அங்கே கிழிப்பதே இல்லை.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரங்கள். நான்காவது சூத்திரம், உயிர் என்பது அந்தக்கரணங்களில் ஒன்று இல்லை என்று தொடங்குகிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற நான்கும் மாயையின் காரியம். அதாவது சடம். கண், காது, தோல் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில், கொஞ்சம் நுட்பமாக, மனமும் இருக்கிறது. உயிருக்கு அது ஒரு கருவி. மந்திரிகளோடு கூடி அரசன் ஆள்வதுபோல் உயிர் அந்தக் கருவிகளோடு கூடி நிற்கிறது என்பது மெய்கண்டார் காட்டும் உவமை. மந்திரி உடம்பு முடியாமல் படுத்தால் அரசு தடுமாறும். அதனால் மந்திரியே அரசன் என்று ஆகிவிடாது.

இதை நான் வகுப்பில் பல வருஷம் கேட்டிருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அது எனக்குச் சோறு போட்டது நோய் வந்த பிறகுதான். கண்ணுக்குக் கண்ணாடி போடுவதால் என் உயிருக்கு இழுக்கு இல்லையென்றால், மனம் என்ற கருவிக்கு மாத்திரை போடுவதிலும் இழுக்கு இல்லை. மாத்திரையும் சடம், மனமும் சடம். ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடுகிறது. அந்த 10 மி.கி. என் ஆன்மாவைத் தொட்டுவிட்டது, கறைப்படுத்திவிட்டது என்று பயப்படுகிறவர்கள், மனத்தையே உயிர் என்று எண்ணுகிறார்கள். மெய்கண்டார் மறுத்ததே அதைத்தான்.

இந்த இடத்தில் அண்ணா, என் பெரியப்பா மகன், கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். அவர் தேவாரம் முழுக்கப் படித்தவர். "அப்பர் சுவாமிக்குச் சூலை வந்துச்சே, மாத்திரையாம்மா போட்டுக்கிட்டார்? அந்த வலிதானே அவரைத் திருவதிகைக்குக் கொண்டுவந்துச்சு? உனக்கு வந்த வேதனையும் சாமி கூப்பிட்டதுதானோ என்னமோ. நீ மாத்திரை போட்டுக் காதை மூடிக்கிட்டே." கடுமையாகச் சொல்லவில்லை, கவலையோடு சொன்னார். பல நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை.

பெரியபுராணத்தில் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்போது மருள்நீக்கியார் என்ற பெயரில் இருந்த அப்பர் முதலில் தேடியது தீர்வைத்தான். சமணப் பள்ளியில் தெரிந்த மந்திரங்களையெல்லாம் செய்து பார்க்கிறார்கள், நிற்கவில்லை. பிறகு தமக்கையார் திலகவதியாரிடம் ஆள் அனுப்புகிறார், பிறகு தாமே வருகிறார். திலகவதியார் செய்த காரியம், தம்பிக்குத் திருநீறு கொடுத்தது. "வலி நல்லது, பொறுத்துக்கொள்" என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னதாகச் சேக்கிழார் எழுதவில்லை. திருவதிகை வீரட்டானத்தில் நின்று அப்பர் பாடிய முதல் பதிகமே, தாங்க முடியவில்லை, நீக்கு என்ற முறையீடு. வலி வழி காட்டியது உண்மை. அந்த வலியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, அவருடைய தெய்வமும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அண்ணாவிடம் சொன்னேன். சூலை நோயில் மனிதன் கதறுவான். என் நோயில் கதறவே தெம்பு இருக்காது. வேதனை கடவுளிடம் துரத்தும் என்பது கதறத் தெரிந்த வேதனைக்குப் பொருந்தும். எனக்கு அந்த நாட்களில் 'நமச்சிவாய' என்ற ஐந்தெழுத்தும் வாய்க்குள் மண்ணாக இருந்தது. குளிக்காமல், தலை வாராமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்தச் சுவரில் எந்த அழைப்பும் கேட்கவில்லை. மாத்திரை காதை மூடியது என்கிறார் அண்ணா. எனக்கு மறுபடி உட்கார்ந்து ஓதுகிற அளவுக்குக் காது திறந்தது மாத்திரையால்.

திருவண்ணாமலைக்கு அடிக்கடி போய்வருகிற ஒரு சிநேகிதி, 'நான் யார்' என்று விசாரம் பண்ணச் சொன்னாள். ரமண மகரிஷியிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நோயின் பிடியில் இருக்கிற மனத்திடம் அந்தக் கேள்வியைக் கொடுத்தால், நீ உதவாக்கரை, நீ பாரம், நீ செத்தால் நல்லது என்று வரிசையாகப் பதில் வரும். கேட்கிற கருவியே பழுதாக இருந்தால் விசாரம் விசாரமாக இருக்காது. ஆன்மிகத்தில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன், உயிர் போகிற விஷயம்.

சுந்தரர் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே போய்ப் பிடித்துக்கொண்டேன். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் போனதும் அவருக்கு இரண்டு கண்ணும் போகின்றன. பார்வை உடனே திரும்பவில்லை. திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அந்தக் கோலைத் தட்டிக்கொண்டுதான் காஞ்சிபுரம் வருகிறார், ஏகம்பத்தில் இடக்கண் வருகிறது. வலக்கண் திருவாரூரில்தான். இடையில் பாடிக்கொண்டே போகிறார். கோல் ஊன்றிப் பாடிய பதிகங்களைத் தேவாரத்திலிருந்து யாரும் பிரித்து வைக்கவில்லை. தம்பிரான் தோழரான சுந்தரருக்கே ஒரேயடியாகக் கண் கொடுக்காமல் முதலில் கோலைக் கொடுத்தவன், எனக்கு எஸ்சிட்டலோபிராமைக் கொடுத்தான் என்றால் அதில் எனக்கு மனக்குறை இல்லை. கண் வந்தால் கோலை வைத்துவிடலாம். வராவிட்டால் கோலோடு பாடலாம்.

அந்த 'வராவிட்டால்' எனக்கு முக்கியம். 2021இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. நீண்டகாலம் மாத்திரை எடுத்து, இப்போது நன்றாக இருக்கிறோம், நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்த 478 பேர். ஒரு பாதிக்கு மருந்து தொடர்ந்தது, மறுபாதிக்கு மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருஷத்தில், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 சதவீதம் பேருக்குத் திரும்பியது. ஆக, நிறுத்திவிட்டு நன்றாக இருப்பவர்களும் நிறைய, தொடர்ந்தும் விழுகிறவர்களும் நிறைய. நிறுத்தியவர் பக்தியில் உயர்ந்தவர், தொடர்கிறவர் தாழ்ந்தவர் என்று சொல்ல இந்தக் கணக்கில் ஓர் இடமும் இல்லை. கமலாக்கா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த மன்றத்திலேயே இன்னும் இரண்டு பெண்கள் இதே மாத்திரையை யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிறார்கள். அவர்கள் காதில் அந்த வார்த்தை எப்படி விழும்? சாமி உருக வைக்க வேண்டுமானால் நானும் நாளைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டும் என்று ஒருத்தி முடிவெடுத்தால், கடைசிப் படியில் அவளைப் பிடித்துக்கொள்ள யார் இருப்பார்கள்?

கண்ணீருக்கு வருகிறேன்.

அழ முடியாமல் போவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. குறைக்கையில் அழுகை பொங்குவதும் தெரிந்ததுதான். ஆகையால் காய்ந்த கண்ணும் கருவியின் நிலை, நனைந்த கண்ணும் கருவியின் நிலை. இது வரைக்கும் சித்தாந்தம் எனக்குக் கை கொடுத்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் மாணிக்கவாசகர் என்ன ஆவார்? அவருடைய கண்ணீரும் வெறும் கரணத்தின் ஈரம்தானா? அப்படிச் சொல்ல என் நாக்கு எழவில்லை, எழவும் கூடாது.

பெரியவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அருள் பெற்றவரிடத்தில் பசுகரணங்கள் சிவகரணங்களாக மாறும் என்பார்கள். கரணம் தொலைந்துபோவதில்லை, அதே மனம், அதே கண், அதே தொண்டை வேறொருவர் கையில் வேலை செய்கின்றன. மாணிக்கவாசகர் உருகியதும் மாயையால் ஆன கண்ணைக் கொண்டுதான். இறைவன் அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டான். அவனுக்கு அது தடையாக இருக்கவில்லை. அப்படியென்றால் ரசாயனம் கலந்த கண்ணீர் என்பதற்காக என்னுடையதை அவன் தள்ளிவிடுவான் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்? பிரதோஷத்துக்கு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து சாயங்காலம் நந்தி அபிஷேகத்தில் நின்று கண் கலங்குகிறவர்களை, "இது பசி மயக்கமா பக்தியா?" என்று யாரும் பரிசோதிப்பதில்லை. பசியும் ரசாயனம்தான். சாம்பிராணி மணமும் நாதஸ்வரமும் விடியற்காலைக் குளிரும் உடம்பு வழியாகத்தான் உள்ளே போகின்றன. சுத்தமான, எதுவும் கலக்காத உருக்கம் என்று ஒன்று மனிதருக்கு எங்கும் கிடையாது.

அதனால் அந்தக் கண்ணீரைப் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது கமலாக்கா சொன்னதுபோல் அருளின் அடையாளமும் இல்லை, நான் பயந்ததுபோல் போலியும் இல்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. எனவே நான் கேட்க வேண்டியது எதைச் சார்ந்தேன் என்பது. கண் காய்ந்திருந்த வருஷங்களிலும், ஒன்றுமே உறைக்காத திங்கட்கிழமைகளிலும், புடவையைக் கட்டிக்கொண்டு போய் மன்றத்தில் உட்கார்ந்து ஓதினேன். அப்போது உருக்கம் தரும் இன்பம் கூட எனக்குக் கூலியாகக் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த வறண்ட ஓதலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

கண்ணீரைப் பிரிக்க வேண்டாம் என்று விட்டேன். எரிச்சலை அப்படி விட முடியாது. அளவு குறைந்த வாரங்களில் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் போதும், நெஞ்சுக்குள் தீ பிடிக்கும். அதுவும் மருந்துக் குறைவுதான். ஆனால் கண்ணீர் என் புடவையை மட்டும் நனைக்கிறது, கோபச்சொல் அடுத்தவர் நெஞ்சில் போய் விழுகிறது. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்களே, அது எனக்கு இங்கேதான் உதவியது. நோய் வந்தது, மருந்தைக் குறைக்கையில் உடம்பு படுகிற பாடு, உள்ளே மூளுகிற தீ, இவை பிராரத்தம், நுகர வேண்டியவை. போன ஜென்மத்தில் என்ன செய்தாய் என்று யாரும் துருவ வேண்டியதில்லை. வாயைத் திறந்து நான் சொல்லுகிற சொல் ஆகாமியம். அது இன்றைக்கு நான் செய்வது, என் கணக்கு. மாத்திரை குறைந்ததால் கத்தினேன் என்பது காரணமாக இருக்கலாம், விடுதலையாகாது.

அதனால் அளவு குறைகிற ஒவ்வொரு தடவையும் மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "இன்னிக்கு ஒரு படி இறங்கியிருக்கேன்மா, பத்து நாளைக்கு என் முகத்தைப் பாத்துப் பேசு." அவள் சிரிக்காமல், "சரி அத்தை, காலண்டர்ல குறிச்சுக்கிறேன்" என்பாள். குறித்தும் வைக்கிறாள், பால் கணக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எனக்கும் பயன்படுகிறது. மனசு இருண்டால், புள்ளிக்கு எத்தனை நாள் தள்ளி இருண்டது என்று பார்க்கிறேன். இரண்டு மூன்று நாளில் தலைச்சுற்றலோடும் மண்டை 'சுர்'ரோடும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் குறைத்ததன் வேலை. மாதங்கள் கழித்து, தலைச்சுற்றல் எதுவும் இல்லாமல், காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தால், பழைய நோயாக இருக்கலாம். அப்போது டாக்டரிடம் போக நாள் பார்க்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர். இவ்வளவு எளிய விஷயம் தெரியாமல், குறைத்ததன் தொந்தரவையே நோய் என்று எண்ணி, இனி ஜென்மத்துக்கும் விட முடியாது என்று முடிவுகட்டினவர்கள் உண்டு. நோய் திரும்பியதை வெறும் தொந்தரவு என்று எண்ணி, பொறுத்து, தொலைந்தவர்களும் உண்டு.

வைத்தீஸ்வரன்கோயில் எங்களுக்குப் பக்கம். அங்கே சுவாமிக்குப் பெயரே வைத்தியநாதர். அம்பாள் தையல்நாயகி, தைலப் பாத்திரத்தோடு அவர் பின்னால் வந்தவள் என்பார்கள். திருச்சாந்துருண்டை என்று மருந்தையே பிரசாதமாகக் கொடுக்கிற ஊர் அது. தீராத நோயெல்லாம் தீர்க்கிறவர் என்று பெயர் எடுத்த தெய்வம், மருந்தில்லாமல் தீர்த்தார் என்று அங்கே யாரும் பெருமை பேசுவதில்லை. மருந்தோடு வந்தார் என்பதுதான் தலபுராணம். போன முறை போனபோது உருண்டையையும் வாங்கி வந்தேன், வழியில் மெடிக்கலில் என் அட்டையையும் வாங்கி வந்தேன். இரண்டும் ஒரே பையில் இருந்தன.

சோடியம் இப்போது 136. நான் நிற்கிற அளவு 2 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. கமலாக்காவிடம் ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வளைகோட்டையும் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, விட்டுடாதீங்க டீச்சர், பையப் பைய இறங்குங்க" என்றார். மன்றத்தில் இனி மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தால் தாமே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

அடுத்த படி இறங்க வேண்டியது மார்கழியில். தை பிறக்கட்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். மார்கழி முழுக்க நாலரை மணிக்கு எழுந்து திருவெம்பாவை ஓதப் போக வேண்டும். தூக்கம் குறைகிற மாதத்தில் மருந்தையும் குறைப்பது சரிப்படாது. அவர் சீட்டில் பழைய அளவையே எழுதி, தை முதல் வாரத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்.